பெங்களூரில் லீஸ் வீடு: பதினைந்து லட்சம் யார் கைக்குப் போகிறது?

பானஸ்வாடி, ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு தேடிச் சுற்றினால், கேட்டுகளில் இரண்டு வகை அட்டைகள் தொங்கும். ஒன்று மாத வாடகைக்கு. அதற்கு ஐந்தாறு மாத அட்வான்ஸ் (ஒரு காலத்தில் பத்து மாதம் கேட்டார்கள்). மற்றது லீஸுக்கு. 10, 15, 20 லட்சம் என்று ஒரே தொகை. இரண்டு மூன்று வருடம் வாடகையே கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் வட்டியில்லாமல் திரும்பி வரும். மதுரைப் பக்கம் ஒத்தி, சென்னையில் போக்கியம், கன்னடத்தில் போக்ய. பெங்களூர்த் தமிழில் வெறும் லீஸ்.

மாதா மாதம் 25,000 ரூபாய் வாடகை போவதைப் பார்த்து வயிறெரிகிற குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஊரில் நிலம் விற்ற பணம், பி.எஃப். பணம், அம்மா நகையை வைத்து வாங்கிய பணம் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் கைமாறுகிறது. போன் மோசடிகளைப் பற்றி இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குக் காலர் ட்யூன் எச்சரிக்கைகூட வந்தது. இந்த லீஸ் மோசடி எதிரில் உட்கார்ந்து, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி நடக்கிறது. அதனால் இதை மோசடி என்று சந்தேகிக்கவே தோன்றுவதில்லை.

இதில் ஏமாறுவதற்கு அடிப்படை ஒன்றுதான். பணம் கொடுப்பவர் தன்னைக் குடித்தனக்காரராக நினைத்துக்கொள்கிறார். தண்ணீர் காவேரியா போரா, கிழக்குப் பார்த்த வாசலா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று வீட்டைத்தான் பார்க்கிறார். கணக்குப்படி அவர் 15 லட்சம் கடன் கொடுப்பவர். அந்தக் கடனுக்கு வட்டிதான் வீடு. கடன் கொடுப்பவர் பார்க்க வேண்டியது வாங்குபவரின் நிலைமையை.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25,000 வாடகை பெறுமான வீடு, 15 லட்சம் லீஸ். வருட வாடகை 3 லட்சம். அதாவது ஓனர் உங்களுக்கு 20 சதவீத வட்டி தருகிறார். அதே 15 லட்சத்தை அவர் 7 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் வருடத்துக்கு 1,05,000, மாதத்துக்கு 8,750 வரும். மாதம் 25,000 வரக்கூடிய வீட்டை விட்டுக்கொடுத்து 8,750 வாங்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அவருக்கு மொத்தப் பணம் அவசரமாக வேண்டியிருக்கிறது. மீட்டர் வட்டிக் கடனை அடைக்க, மேல்மாடி கட்ட, மகள் கல்யாணத்துக்கு என்றால் அது நேர்மையான காரணம், கேட்டால் சொல்லிவிடுவார். வீடு ஏற்கெனவே வங்கியில் இருப்பதால் வேறு எவரும் கடன் தர மாட்டார்கள் என்றால் அது சிக்கல். கையெழுத்துப் போடுகிறவர் ஓனரே இல்லை என்றால் அது மோசடி. அதே வீடு 10 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால் வட்டி 30 சதவீதம். ‘சல்லிசாகக் கிடைச்சுது’ என்று சந்தோஷப்படுகிற இடம் அது இல்லை.

நடுவில் நிற்கும் கம்பெனி

இப்போது அதிகம் பேரை விழ வைப்பது இந்த வகை. ஒரு கம்பெனி ஓனரிடம் போய் மார்க்கெட்டைவிட இரண்டாயிரம் கூடுதலாக, 27,000 வாடகை தருகிறேன், ஒரு லட்சம் அட்வான்ஸ், குடித்தனக்காரரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. ஓனருக்கு மகிழ்ச்சி. அக்ரிமென்டில் உள்வாடகைக்கு விடும் உரிமை என்று ஒரு வரி சேர்ந்துவிடும். அதே வீட்டை அந்தக் கம்பெனி உங்களுக்கு 15 லட்சம் லீஸுக்கு விடுகிறது. ஓனருக்கு இந்த 15 லட்சம் தெரியாது. உங்களுக்கு அந்த 27,000 தெரியாது.

இது மூன்று வருடத்தில் எங்கே போய் முடியும் என்பது முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது. 36 மாத வாடகை 9,72,000. உங்கள் 15 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 5,28,000. அதிலும் ஒரு லட்சம் ஓனரிடம் அட்வான்ஸாக நிற்கிறது. உங்களுக்குத் தர வேண்டியதோ 15 லட்சம். இந்தப் பள்ளத்தை நேர்மையாக நிரப்ப, கையில் இருக்கும் 14 லட்சம் வருடத்துக்கு 23 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். ஆபீஸ் வாடகை, சம்பளம், புரோக்கர் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். அப்படிச் சம்பாதிக்கும் தொழில் கையில் இருப்பவர் வீட்டு வாடகையைக் கட்டிக்கொண்டு திரிய மாட்டார். பள்ளத்தை நிரப்புவது அடுத்த குடும்பத்தின் லீஸ் பணம். அதனால்தான் இந்தக் கம்பெனிகள் வெகு வேகமாக வீடு பிடிக்கின்றன. புதுப் பணம் வருவது சுணங்கும் மாதத்தில் ஓனர்களுக்கு வாடகை நிற்கும்.

அது தெரிய வருவது வாசலில்தான். மணி அடிக்கும். திறந்தால் முன்பின் பார்த்திராத ஒருவர்: “மூணு மாசமா வாடகை வரல, என்னம்மா ஆச்சு?” உள்ளிருந்து பதில்: “வாடகையா? நாங்க பதினஞ்சு லட்சம் லீஸ் கொடுத்திருக்கோமே!” கம்பெனிக்கு இரண்டு பேரும் போன் போடுவார்கள். அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஆபீஸில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். “சார், ஓனர் அமெரிக்கால இருக்கார். மெயின்டெனன்ஸ், பிளம்பிங் எதுவா இருந்தாலும் எங்ககிட்டதான் கேக்கணும். அவரை டிஸ்டர்ப் பண்ணக் கூடாதுன்னு எங்க அக்ரிமென்ட்லயே இருக்கு சார்.” இதைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடலாம். 15 லட்சத்துக்கு ஈடாக வீட்டைத் தருபவரின் குரலைக்கூடக் கேட்கக் கூடாது என்பதற்கு நேர்மையான காரணம் எதுவும் இல்லை.

உடனே எழுந்து வர மனம் இல்லையென்றால், நீட்டுகிற அக்ரிமென்டையாவது படியுங்கள். இ-ஸ்டாம்ப் பேப்பரின் மேல்பாதியில் சில விவரங்கள் அச்சாகியிருக்கும்: சான்றிதழ் எண், தேதி, ஆவணத்தின் வகை, முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு. முதல் தரப்பில் கம்பெனி, இரண்டாம் தரப்பில் நீங்கள். ஓனர் பெயர் எங்கே? அநேகமாகக் கடைசிப் பக்கத்தில் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் ஒரு தடவை வரும், அல்லது வரவே வராது. உள்ளே, ‘முதல் தரப்பினர் இச்சொத்தை நிர்வகிக்கும் உரிமை பெற்றவர்’ என்று ஒரு வாக்கியம்; எந்தத் தேதியிட்ட எந்தப் பத்திரத்தால் பெற்றார் என்று இராது. வாயால் மூன்று வருடம் என்பார்கள், காகிதத்தில் 11 மாதம். அடியில் சிவப்பு முத்திரையோடு நோட்டரி கையெழுத்து. அந்த முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் ஏராளம். நோட்டரி உறுதி செய்வது கையெழுத்தை மட்டும்தான். வீடு யாருடையது, பணம் திரும்புமா என்பதற்கு அவர் பொறுப்பு இல்லை.

‘எங்ககிட்ட ஜி.பி.ஏ. இருக்கு’ (ஓனர் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம்) என்றால் பிரதி கேளுங்கள். பதிவானதா, லீஸ் தொகை வாங்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வசூலிக்கும் அதிகாரம் வேறு, 15 லட்சம் டெபாசிட் வாங்கும் அதிகாரம் வேறு. இரண்டும் சரியாக இருந்தாலும் பணம் போக வேண்டியது ஓனர் பெயரிலுள்ள கணக்குக்கு. இந்த ஒரு நிபந்தனையைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஓனர் அசல், வீடு வங்கியில்

நேரடியாக ஓனரிடமே பேசினோம், பத்திரம் காட்டினார் என்பதும் போதாது. கட்டடத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கி, தவணை கட்ட முடியாமல், தவணையை அடைக்கவே மாடி மாடியாக லீஸுக்கு விடுகிறவர்கள் உண்டு. நான்கு மாடியில் எட்டு வீடு, எட்டும் லீஸ் என்றால் அந்த ஓனருக்கு மாத வருமானம் பூஜ்யம். தவணை எதிலிருந்து கட்டுவார்? வீடு பார்க்கப் போகும்போது எதிர் வீட்டுக்காரரிடம் ‘நீங்க வாடகையா லீஸா’ என்று கேட்டால் இது தெரிந்துவிடும். அந்தக் கேள்வியோடு இன்னொன்றும்: முன்னால் இருந்தவர் பணம் வாங்கிக்கொண்டு போனாரா, எத்தனை மாதம் அலைந்தார்? அக்கம்பக்கத்தில் இது ரகசியமே இல்லை.

தவணை நின்றால் நடப்பது, கோர்ட் வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. வங்கி கடனாளிக்கு 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அது ஓனர் கைக்குப் போகிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் உங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிவது, கதவில் கைப்பற்றல் நோட்டீஸ் ஒட்டும்போது. அந்தக் கட்டத்தில் குடித்தனக்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 45 நாள் அவகாசம். அங்கே கேட்கப்படுவது: குடித்தனக் காலம் முடிந்துவிட்டதா, 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் சம்மதமில்லாமல் விட்டதா, அடமான நிபந்தனைகளுக்கு விரோதமா, சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுக்கு விரோதமா.

இந்த 65ஏ-தான் லீஸ்காரர்களின் கழுத்தில் விழுகிறது. அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை ஓனர் வாடகைக்கு விடலாம். ஆனால் நியாயமான வாடகைக்கு விட வேண்டும், மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது, மொத்தத் தொகையோ முன்கூட்டிய வாடகையோ வாங்கக் கூடாது. லீஸ் என்பதே வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்குவது. ஆக, வங்கியில் இருக்கும் வீட்டை வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் லீஸுக்கு எடுத்தால், ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் காலடி மண் உங்களுடையது இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் பாதுகாப்புக் கேட்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தண்ணீர் காவேரியா என்று கேட்டவர் அடுத்துப் பார்க்க வேண்டியதும் காவேரிதான்: கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளம். அங்கே சிறு கட்டணம் கட்டி வில்லங்கச் சான்றிதழ், அதாவது இ.சி., எடுக்கலாம். ஓனர் நீட்டும் பழைய ஜெராக்ஸை நம்ப வேண்டாம். நீங்களே, இந்த வாரத் தேதிவரைக்கும் எடுங்கள். பரிவர்த்தனை இருந்தால் படிவம் 15 வரும், இல்லையென்றால் படிவம் 16. கன்னடத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை போதும். சொற்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவைதான். கிரய பத்ர என்றால் கிரயப் பத்திரம், விபாக பத்ர என்றால் பாகப் பிரிவினை, தான பத்ர என்றால் தானம், அடமான என்றால் அடமானமேதான், சக்குபந்தி என்றால் நான்கு பக்க எல்லை. கடைசிக் கிரயம் அல்லது பாகப் பிரிவினையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்களோடு கையெழுத்துப் போட வேண்டியவர். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு கையெழுத்து. அண்ணன் தம்பி சொத்தை அண்ணன் மட்டும் லீஸுக்கு விட்ட கேஸ்கள் கோர்ட்டில் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் இ.சி.-யில் ஏறாமல் இருக்கலாம். அதற்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது; வங்கிகள் தங்கள் அடமானங்களை அதில் ஏற்ற வேண்டும், பொதுமக்களும் கட்டணம் கட்டித் தேடலாம். இதையெல்லாம்விட எளிய சோதனை, அசல் கிரயப் பத்திரத்தைக் காட்டச் சொல்வது. ‘லாக்கரில் இருக்கிறது, நாளை காட்டுகிறேன்’ என்று இரண்டு தடவை தள்ளிப் போனால் அந்த லாக்கர் வங்கியின் லாக்கர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தோடு அந்த வருடச் சொத்து வரி ரசீது, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவுச் சான்று), பெஸ்காம் கரண்ட் பில். மாநகராட்சி 2025-இல் ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் வந்திருப்பதால் ரசீதின் தலைப்பு மாறியிருக்கலாம். பார்க்க வேண்டியது பெயரும் சொத்து எண்ணும். ஊரோரப் பஞ்சாயத்து எல்லை என்றால் இ-சொத்து படிவம் 9, 11. கரண்ட் பில்லில் பழைய ஓனர் பெயர் இருப்பது சகஜம், அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

போக்கியம் வேறு, அக்ரிமென்ட் வேறு

பேச்சு வழக்கில் லீஸும் போக்கியமும் ஒன்று. சட்டத்தில் இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு சொல்லும் போக்கிய அடமானத்தில், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிப்பார். பணம் திரும்பும் வரை சொத்தே ஈடு. அது பதிவாக வேண்டும், இ.சி.-யில் ஏறும், வீட்டை வாங்க வருகிறவர் கண்ணில் படும். 11 மாத அக்ரிமென்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உங்கள் 15 லட்சம் அதில் வெறும் கைமாற்று.

11 மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும் என்பது சட்டம். பதிவு என்றால் முத்திரைக் கட்டணம், தொகை வெளியே தெரிதல், வங்கிக்குத் தெரிதல். ஓனர்கள் தவிர்ப்பதற்கு இந்த மூன்றும்தான் காரணம். போக்கிய அடமானத்துக்கு முத்திரைக் கட்டணம் கூடுதல் என்பதால் அதற்கு ஒத்துக்கொள்ளும் ஓனர் அபூர்வம். அதனால் நடைமுறைக்கு உகந்தது பதிவு செய்த லீஸ் பத்திரம்; அதில், இந்தத் தொகை திரும்பக் கிடைக்கும் வரை இச்சொத்தின் மேல் இரண்டாம் தரப்பினருக்குப் பொறுப்புரிமை (சொத்தே ஈடு என்ற உரிமை) உண்டு என்று வக்கீல் சரியான சொற்களில் எழுதிச் சேர்க்க வேண்டும். காலம், முழுத் தொகை, எத்தனை மாத முன்னறிவிப்பு, பணம் தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு, பணம் வரும் வரை வீட்டில் இருக்கும் உரிமை, வங்கிக் கடன் இல்லை என்ற உறுதி. கட்டணத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று நீங்களே சொன்னால் சில ஓனர்கள் இறங்கி வருவார்கள். 15 லட்சத்துக்குக் காவலாக ஆகும் இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

‘பாதி வங்கியில் போடுங்க, பாதி கேஷா கொடுங்க’ என்பது அடுத்த கண்ணி. கேஷாகக் கொடுத்த பாதி பத்திரத்தில் வராது. நாளைக்குக் கோர்ட்டிலும் வராது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனோ டெபாசிட்டோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சொல்லி மறுக்கலாம், ஓனருக்கும் கோபம் வராது.

பணம் போகும் வரிசை: பேச்சு முடிந்த அன்று 10,000, அதிகம் போனால் 20,000 டோக்கன், கணக்கு வழியாக, எதற்காக என்று எழுதி வாங்கிய ரசீதோடு. பாக்கி முழுவதும் பதிவு நாளில். என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போது பெறுபவர் பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கணக்கு எண்ணைப் போட்டதும் வரும் பெயரும் இ.சி.-யில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ‘என் மைத்துனன் அக்கவுன்ட்டில் போட்டுடுங்க’ என்றால் முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

பதிவுக்கு ஓனர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, வீடும் பிடித்துவிட்டது என்றால்? எங்கள் அபிப்பிராயம், லீஸை விட்டுவிடுங்கள். அல்லது கலவையாகப் பேசிப் பாருங்கள்: 4 லட்சம் லீஸ், மாதம் 17,000 வாடகை என்பது போல. சிக்கினால் 15 லட்சம் சிக்காது, ஓனருக்கும் மாதம் ஏதோ வந்துகொண்டிருக்கும். நகைக் கடன் வாங்கி லீஸ் போடுவது பற்றி ஒரு வார்த்தை: நீங்கள் கட்டும் வட்டியையும் மிச்சமாகும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வட்டி கூடுதல் என்றால் மிச்சம் கொஞ்சம்தான் வரும். அதற்காக அம்மா வளையலைப் பணயம் வைப்பதா என்பது உங்கள் முடிவு.

வீட்டையே பார்க்காமல் விழும் வகை சுருக்கமானது. இணைய விளம்பரத்தில் இந்திரா நகரில் அழகான வீடு, பக்கத்து வாடகையில் பாதி. ஓனர் ராணுவ அதிகாரி, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார், அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வீடு பார்க்க கேட் பாஸுக்கு 2,000, திருப்பித் தரப்படும் என்பார். அப்புறம் டோக்கன். அப்புறம், பணத்தைத் திருப்பி அனுப்ப க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்பார். யு.பி.ஐ. பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்கும் இருப்புப் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்க அது ஒருபோதும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், அல்லது சைபர் கிரைம் இணையதளத்தில் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க முடிவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான்.

சாவி கையில் இருக்கும்வரை

நேர்மையான ஓனரிடம்கூடக் கடைசி மாதத்தில் தகராறு வரும். ‘அடுத்த பார்ட்டி வந்ததும் அவங்க பணத்தை வாங்கி உங்களுக்குத் தர்றேன்’ என்பார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலான ஓனர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் அடுத்த பார்ட்டி வரும் தேதி உங்கள் பிரச்சினை ஆகக் கூடாது. முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ரெஜிஸ்டர்டு தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி.

பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் சாவி கொடுக்காதீர்கள். புது வீட்டுக்குப் போயாக வேண்டியிருந்தால் ஒரு அறையில் கட்டிலும் பீரோவுமாவது இருக்கட்டும், பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். பதிவில்லாத லீஸில் உங்களுக்கு உள்ள ஒரே ஈடு அந்த வீட்டில் நீங்கள் இருப்பது. ‘பெயின்ட் அடிக்கணும், சாவி மட்டும் கொடுங்க’ என்று கேட்டு வாங்கியபின் நிலைமை தலைகீழ். அதற்குப் பிறகு நீங்கள் வெறும் கடன்காரரைத் தேடி அலைபவர்.

காலம் முடிவதற்குள் முழுத் தொகைக்கும் தேதியிட்ட காசோலை வாங்கி வைப்பது பலன் தரும். தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் புகார். புகாரில் ஒரு நாள் தவறினாலும், தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டி நீதிமன்றத்தின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும்; நோட்டீஸுக்கான 30 நாள் கெடுவுக்கு அந்தத் தயவும் இல்லை. ‘அடுத்த வாரம் போடுங்க, அடுத்த வாரம் போடுங்க’ என்று ஓனர் இழுப்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான்.

நடுவில் நின்ற கம்பெனி ஓடிவிட்டது என்றால் செய்ய வேண்டியவை வேறு. வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஓனர் கோபத்தில் கரண்டைத் துண்டிக்கவோ சாமானை வெளியே போடவோ முடியாது; கோர்ட் வழியாக மட்டுமே காலி செய்ய வைக்கலாம். பலவந்தமாக வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. அதே சமயம் ஓனரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். அவரும் ஏமாந்தவர், அவரிடம் இருக்கும் அக்ரிமென்டும் கம்பெனி அனுப்பிய வாடகை வரவுகளும்தான் உங்களுக்குச் சாட்சி. மாதம் ஒரு வாடகை பேசி, அவரோடு நேரடியாகப் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து புகார் கொடுத்தவர்கள் குறைந்த சேதத்தோடு தப்பியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவது வழக்கம். பாக்கி தராமல் இழுக்கும் அசல் ஓனர் என்றால் அது பெரும்பாலும் சிவில்தான். தன்னுடையது அல்லாத வீட்டைத் தன்னுடையதுபோலக் காட்டியதும், ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விட்டதும், வங்கிக் கடனை மறைத்ததும் ஏமாற்று: பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. புகார் எழுதும்போது ‘பணம் தரவில்லை’ என்று தொடங்காமல், எந்தத் தேதியில் எந்தப் பொய்யைச் சொல்லிப் பணம் வாங்கினார் என்று தொடங்குங்கள். அந்தப் பொய் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லப்பட்டது என்பதில்தான் வழக்கு நிற்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய கணக்கு விவரம், அக்ரிமென்ட், இ.சி. எல்லாவற்றையும் இணையுங்கள். ஸ்டேஷனில் பதியவில்லையென்றால் எழுத்தில் டி.சி.பி.க்கு (துணை போலீஸ் கமிஷனருக்கு) அனுப்பலாம், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட். அதே கம்பெனியிடம் ஏமாந்த மற்றவர்களைத் தேடிச் சேர்ந்து போனால் வழக்கு மத்திய குற்றப் பிரிவுக்குப் போக வாய்ப்பு அதிகம்.

பணத்தைக் கேட்டு சிவில் வழக்குப் போட, பணம் திருப்பித் தர வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் ஓனர் கொஞ்சம் பணம் கொடுத்து அதை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பாக்கி இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அந்த மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். அதனால் ‘அடுத்த மாசம்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதை வாயால் வாங்காமல், தொகையும் தேதியும் போட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.